பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்காதீங்க!

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம் மக்களே. பொங்கல் வைங்க, கரும்பு கடிங்க, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. மழையில் ஊறின மாடி வீட்டுச் சுவருக்கு, ஈரம் காயறதுக்கு முன்னாடியே, ஜனவரி முதல் வாரத்தில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறோமே, அதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். சிவில் படிக்கிற பையன் சொல்றான்னு அப்படியே நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ ஒண்ணு போட்டு எடுத்துக்கிட்டு வாங்க :-)

எங்க ஊர் வாலாஜாபாத். பாலாற்றங்கரை. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறந்தது, 2012ல் டெய்ம்லர் லாரி தொழிற்சாலை. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்த கம்பெனிகளை எண்ணி முடியாது. கம்பெனி வந்தா ஆள் வரும், ஆள் வந்தா ரூம் வேணும். நிலம் வித்த காசு கையில் இருந்தவங்க எல்லாம் மூணு மாடி, நாலு மாடின்னு கட்டினாங்க. ஒரு மாடிக்கு ஆறு ரூம், ரூமுக்கு அஞ்சாறு பேர். ஏ ஷிப்ட்காரன் எழுந்து போன பாயில் சி ஷிப்ட்காரன் வந்து படுப்பான். இந்தக் கட்டடங்களில் பாதிக்கு மேல் நான் ஏறி இறங்கியிருக்கேன், நண்பர்கள் இருக்காங்க. பெரும்பாலும் ஒரே காட்சிதான். பாத்ரூமுக்குக் கீழே இருக்கிற ரூமில், கூரையின் ஒரு மூலையில், பழுப்பா ஒரு வளையம். அதைச் சுத்தி உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிக்கும். போன வருஷமும் அங்கேதான் இருந்தது. நடுவில் ஒரு மூணு மாசம் மட்டும் காணாம போகும், பொங்கல்ல இருந்து சித்திரை வரை.

எங்க சொந்தக்காரப் பையன் தங்கியிருந்த ரூமுக்கு போன தை மாசம் பெயிண்டர் வந்தப்போ நானும் இருந்தேன். கையால் தொட்டா விரல் ஈரமாகுது. "அண்ணே, இன்னும் காயலையே"ன்னேன். அவர் பாவம், ரொம்ப நிதானமா, "தம்பி, பட்டி பார்த்து ரெண்டு கோட்டு அடிச்சுட்டா தெரியாது"ன்னார். அவர் பொய் சொல்லலை. தெரியாமல் செய்றதுக்குத்தான் அவருக்குக் கூலி. காயவைக்கிறதுக்கு யாரும் யாருக்கும் கூலி கொடுக்கிறதில்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

முதல்ல அந்தத் தண்ணி எங்கே இருக்குன்னு பார்ப்போம். மாடி பாத்ரூம்களை நம்ம ஊரில் 'சங்கன்' போட்டுக் கட்டுவாங்க. அதாவது பாத்ரூம் வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி கீழே இறக்கி, அந்தத் தொட்டிக்குள்ளே குழாயெல்லாம் ஓட்டி, மேலே உடைசெங்கல்லைக் கொட்டி மூடி, டைல்ஸ் ஒட்டிடுவாங்க. டைல்ஸ் இடுக்கு விட்டுப் போச்சுன்னாலோ, நானி டிராப் ஓரம் சிமெண்ட் பெயர்ந்தாலோ, குளிக்கிற தண்ணி நேரா அந்தத் தொட்டிக்குள்ளே போகும். அஞ்சடிக்கு ஏழடி பாத்ரூம், பத்து அங்குல ஆழம்னு வைங்க. முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். உடைசெங்கல்லுக்கு நடுவில் நூத்துக்கு முப்பது பங்கு இடைவெளின்னு எடுத்தா, சுமார் 248 லிட்டர். செங்கல் குடிக்கிற தண்ணியை நான் சேர்க்கவே இல்லை. இருபது லிட்டர் கேன் தண்ணி வாங்குறோமே, அதில் கிட்டத்தட்ட பன்னிரண்டு கேன், உங்க தலைக்கு மேலே, கூரைக்குள்ளே தேங்கி நிக்குது. மேல் வீட்டுக் குழாயை சரி பண்ணின உடனே 'ரிப்பேர் முடிஞ்சது'ன்னு சொல்றாங்களே, அந்தப் பன்னிரண்டு கேன் எங்கே போச்சுன்னு யாராவது கேட்டாங்களா?

அது போகிறதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, ஓட்டை போட்டு வடிக்கணும். இல்லைன்னா ஆவியாகணும். வடிக்கிறதில்லை. ஆவியாகிற கணக்கைப் பாருங்க. முப்பது டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், அதுக்கு மேல் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் நம்ம பக்கம் ஈரப்பதம் சாதாரணமாவே எண்பது சதவீதம் இருக்கும். அப்படின்னா காற்று ஏற்கனவே 24 கிராம் சுமந்துக்கிட்டுதான் ரூமுக்குள்ளே வருது, இன்னும் 6 கிராமுக்குத்தான் இடம். 248 லிட்டரை இந்தக் காற்றால் வெளியேத்தணும்னா சுமார் நாற்பத்தோராயிரம் கன மீட்டர் காற்று வேணும். பத்துக்குப் பன்னிரண்டு ரூமின் மொத்தக் காற்றையும் சுமார் ஆயிரத்து இருநூறு தடவை மாத்தணும். அதுவும் வர்ற ஒவ்வொரு மீட்டர் காற்றும் நிரம்பி வழியற அளவு ஈரத்தை வாங்கிக்கிட்டுப் போனால்தான்! நிஜத்தில் அதில் கொஞ்சம்தான் வாங்கும்.

"ஃபேனை நாள் முழுக்க ஓட விடுங்க, காஞ்சிடும்" என்பது ஹவுஸ் ஓனர்கள் எல்லாரும் சொல்ற ஒரே மருந்து. ஜன்னலை மூடிவிட்டு ஃபேன் போட்டா அதே ஈரக் காற்றுதான் சுத்திச் சுத்தி வரும். மழை நாளில் ஜன்னலைத் திறந்து போட்டா வெளியே இருக்கிற ஈரமும் உள்ளே வரும். ஷிப்ட் ரூமில் இன்னொரு கூத்து. பகலில் யாராவது தூங்கிக்கிட்டே இருப்பாங்க, அதனால் ஜன்னல் திறக்கவே மாட்டாங்க. தூங்குற ஒருத்தர் மூச்சிலும் வேர்வையிலும் மணிக்கு நாற்பது கிராம் அளவுக்குத் தண்ணி விடுவார். ஆறு பேர், எட்டு மணி நேரம், சுமார் ரெண்டு லிட்டர். துவைச்ச யூனிஃபார்ம் கொடியில் சொட்டிக்கிட்டிருக்கிறது தனி. அந்த ரூம் காயவே காயாது. காயறதுக்கு அதுக்கு வாய்ப்பே தரலை.

சுவரும் கூரையும் மேல் தோலில் சீக்கிரம் காயும், உள்ளே காயாது. இங்கிலாந்தில் தரைப்பூச்சு போடுறவங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல காற்றோட்டம் இருந்தா, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள், அதுவும் 50 மில்லிமீட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டினா இன்னும் மெதுவா ஆகும். நம்ம செங்கல் சுவர் ஒன்பது அங்குலம். மழை நின்னு பத்து நாளில் கையால் தடவிப் பார்த்து 'காஞ்சிடுச்சு'ன்னு சொல்றது, சோத்துப் பானையின் மூடியைத் தொட்டுப் பார்த்து சோறு வெந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி.

இப்போ பொங்கலுக்கு வர்றேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிச்சு டிசம்பர் வரை அடிக்கும். வருஷத்திலேயே நம்ம சுவர்கள் அதிகமா ஊறியிருக்கிற நேரம் டிசம்பர் கடைசி. சரியா அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்க ஏணி சாய்க்கிறோம். அப்போ நம்ம தாத்தா பாட்டி முட்டாள்களா? கிடையவே கிடையாது. அவங்க அடிச்சது சுண்ணாம்பு. சுண்ணாம்பு பூச்சுக்குள்ளே நீராவி தாராளமா போய் வரும், சுவர் மூச்சு விடும். காரத்தன்மை இருக்கிறதால பூஞ்சணமும் சுலபத்தில் பிடிக்காது. ஈரச் சுவருக்கு மழை முடிஞ்ச கையோடு வெள்ளை அடிக்கிறது, அந்தச் சுண்ணாம்புக்கு ரொம்பப் பொருத்தமான வழக்கம். நாம என்ன பண்ணினோம்? சுண்ணாம்பை எடுத்துட்டு அதே இடத்தில் பட்டி, பிரைமர், எமல்ஷன்னு பிளாஸ்டிக் சட்டையை மாட்டினோம். தேதியை மட்டும் மாத்தலை. சுவருக்குள்ளே இருக்கிற ஈரம் அந்தச் சட்டையைத் தள்ளும், பெயிண்ட் உப்பும், உரியும். அடுத்த பொங்கலுக்குத் திரும்பவும் பெயிண்டர். பெயிண்ட் கம்பெனிக்காரங்களுக்கு இதைவிட நல்ல பண்டிகை எது?

'வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சாச்சே' என்பாங்க. தண்ணி வர்ற பக்கம், அதாவது மேல் பாத்ரூம் தரையிலும் மொட்டை மாடியிலும் அடிச்சா அது தடுப்பு. தண்ணி வெளியே வர்ற பக்கம், உங்க கூரையின் அடியில் அடிச்சா அது வெறும் மூடி. உள்ளே இருக்கிற பன்னிரண்டு கேனுக்கு வெளியே போக இருந்த ஒரே கதவையும் அடைச்சுட்டீங்க.

அடைச்சா என்ன ஆகும்? கான்கிரீட் புதுசா இருக்கும்போது நல்ல காரமா இருக்கும். அந்தக் காரம் உள்ளே இருக்கிற கம்பியைத் துருவில் இருந்து காப்பாத்தும். வருஷக்கணக்கா ஈரமும் காற்றும் மாறி மாறிப் போய் வந்தா காரம் குறையும். தண்ணியில் உப்பு இருந்தா இன்னும் மோசம். கம்பி துருப்பிடிச்சா, துரு பழைய இரும்பைப் போல ரெண்டு மடங்கில் இருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்காமல் வேற என்ன பண்ணும்? முதல்ல கோடு மாதிரி விரிசல், அப்புறம் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்றதுதான் அந்தப் பழுப்பு வளையம். அதைத்தான் ரெண்டு கோட்டு அடிச்சு வாயை மூடுறோம்.

2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடியில் ஆறாவது மாடித் தரை இடிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா கீழ் மாடி வரைக்கும் விழுந்தது. ரெண்டு பெண்கள் இறந்தாங்க. அப்போ அங்கே ரிப்பேர் வேலை நடந்துக்கிட்டிருந்தது. டெல்லி ஐஐடி ஆராய்ந்து, கான்கிரீட்டில் குளோரைடு உப்பு அதிகம், கம்பி துருப்பிடிச்சிருக்கு, கட்டடம் குடியிருக்க லாயக்கில்லைன்னு சொன்னது. பழைய கட்டடம் இல்லைங்க, பத்துப் பதினைஞ்சு வருஷம்கூட ஆகாத கட்டடம். நம்ம பக்கத்தில், 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993ல் கட்டின குடிசை மாற்று வாரியக் கட்டடம் இடிஞ்சு 24 வீடுகள் போச்சு. விரிசலைப் பார்த்து ஜனங்க முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. கவனிங்க, கண்ணுக்குத் தெரிஞ்ச விரிசல்தான் அவங்களைக் காப்பாத்தியது. அதை யாராவது நேத்துதான் பட்டி பார்த்து மூடியிருந்தா?

கட்டடம் இடியற வரைக்கும் போக வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2009லேயே, ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருக்கிறவங்களுக்கு மூச்சுக் கோளாறு, சளித்தொல்லை, ஆஸ்துமா எல்லாம் கூடும்னு தனிப் புத்தகமே போட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். காரணம் வீட்டுச் சுவரில் இருந்த பூஞ்சணம்னு 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார். அவங்க அப்பா 2017லேயே புகார் பண்ணியிருக்கார். வீட்டுவசதிக்காரங்க கொடுத்த பதில் என்ன தெரியுமா? அதுக்கு மேலே பெயிண்ட் அடிச்சுக்கோங்க!

வாலாஜாபாத்தோ ராச்டேலோ, பதில் ஒண்ணுதான் :-( ஆனா அங்கே அந்தக் குழந்தை பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27ல் இருந்து, பொது வீட்டுவசதியில் ஆபத்தான ஓதம் இருக்குன்னு புகார் வந்தா பத்து வேலை நாளுக்குள்ளே வந்து பார்க்கணும், அவசரம்னா 24 மணி நேரம்.

நம்ம சட்டம்? 2017ல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டமைப்பு ரிப்பேர், வெள்ளை அடிக்கிறது, குழாய் மாத்துறது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்புன்னு இருக்கு. குழாய் வாஷர், அடைப்பு எடுக்கிறது குடியிருப்பவர் பொறுப்பு. நல்ல பட்டியல்தான். 'வெள்ளை அடிக்கணும்'னு எழுதத் தோணின கைக்கு, 'அதுக்கு முன்னாடி காயவைக்கணும்'னு எழுதத் தோணலை. சொந்தமா ஃபிளாட் வாங்கினவங்களுக்கு ரெரா சட்டம் இருக்கு. அஞ்சு வருஷத்துக்குள்ளே கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிஞ்சா, கட்டினவர் 30 நாளில் இலவசமா சரி பண்ணணும். அங்கேயும் அவர் வந்து பட்டி பார்த்துட்டுப் போனா 'சரி பண்ணியாச்சு' கணக்குதான்.

ஃபிளாட்டில்கூட மேல் வீட்டுக்காரர் ஒருத்தர், கீழ் வீட்டுக்காரர் ஒருத்தர், 'என் பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு'ன்னு சண்டை போடலாம். நம்ம ரூம் கட்டடங்களில் மேலேயும் கீழேயும் ஒரே ஓனர், யார் மேலே பழி போடுவாங்க? அதனால் குடியிருக்கிறவங்க மேலேதான். 'பசங்க தண்ணியை ரொம்ப ஊத்துறாங்க.' பாத்ரூமில் தண்ணி ஊத்தாம வேற எங்கே ஊத்துறது?

காசு விஷயம் நியாயமான கேள்விதான். காயவைக்க ரூமை ஒரு மாசம் காலியா விட்டா வாடகை போகும். ஆனா அந்த ஒரு மாசம் போகலைன்னா, வருஷா வருஷம் பெயிண்ட் போகும், கடைசியில் ஸ்லாப்பே போகும். ஒரு கட்டடத்தில் ஒரு ரூமை மட்டும் மாத்து ரூமா வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு ரூமா காலி பண்ணிக் காயவைக்கலாமே. லாட்ஜ்காரங்க பண்றாங்களே!

அரசாங்கமே இப்போ ஹாஸ்டல் கட்ட ஆரம்பிச்சிருக்கு. 2021 டிசம்பரில் ஒரு ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷம் கலந்து நூத்துக்கும் மேல பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது ஞாபகம் இருக்கும். அதன் பிறகு தங்குமிடம் பத்தி எல்லாரும் பேசினாங்க. 2024 ஆகஸ்ட் 17ல் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டின குடியிருப்பு திறந்தாங்க. 13 பிளாக், பத்து மாடி, 18,720 படுக்கை. பிளாக்குக்கு 240 ரூம், ரூமுக்கு ஆறு பேர். நல்ல விஷயம், மனசாரப் பாராட்டணும். அங்கே கசிவு இருக்குன்னு நான் சொல்லலை. ஆனா 3,120 ரூம் இருக்கிற இடத்தில் என்னைக்காவது ஒரு குழாய் ஒழுகத்தான் செய்யும். அன்னைக்கு என்ன நடக்கும்? எத்தனை நாள் காயவைப்பாங்க, எந்தக் கருவியால் அளப்பாங்க, அந்த ஆறு பேரை எங்கே மாத்துவாங்க, இது இப்பவே எழுத்தில் இருக்கணும். ஒழுகினதுக்கு அப்புறம் எழுதினா, பெயிண்ட் டெண்டர்தான் எழுதுவாங்க.

அமெரிக்காவில் ஊறின கட்டடத்தைக் காயவைக்கிறது தனித் தொழில். 1994ல் இருந்தே அதுக்கு ஒரு தர விதிமுறை இருக்கு. சுத்தமான குழாய்த் தண்ணி, குளியல் தண்ணி, கக்கூஸ் தண்ணின்னு மூணா பிரிச்சு, கடைசி வகை பட்ட பூச்சையெல்லாம் பிச்சு எறியச் சொல்லும். நம்ம பிளம்பர், பெயிண்டர் பசங்களுக்கு ஐடிஐயில் இதை ஒரு மாசப் பாடமா வெச்சா இந்த ஏரியாவில் ஆயிரம் பேருக்கு வேலை இருக்கு. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. கசிவை மேலே நிறுத்து. சாயத் தண்ணி ஊத்தி எங்கே இறங்குதுன்னு பார். கம்பியும் ஒயர் குழாயும் இல்லாத இடமா பார்த்து, கரண்டை அணைச்சுட்டு, தாழ்வான இடத்தில் சின்னத் துளை போட்டு வடிய விடு. (ஃபேன் மாட்டுற பெட்டியில் சொட்டினா ஓட்டை அங்கேதான்னு நினைக்காதீங்க. தண்ணி ஒயர் குழாய்க்குள்ளேயே பத்தடி நடந்து வரும். அந்த ஸ்விட்சைத் தொடவும் தொடாதீங்க.) பெயிண்டையும் பட்டியையும் சுரண்டு, தட்டினா டொக்குனு சத்தம் வர்ற பூச்சைப் பெயர்த்துடு. பூத்த உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாம உலர்ந்த பிரஷ்ஷால் தட்டு. மழைக்காலமா இருந்தா ஜன்னலை மூடி டீஹியூமிடிஃபையர் வை. அது இல்லைன்னா பழைய ஏசி போதும். ஏசி பின்னாடி குழாயில் சொட்டுதே, அது காற்றில் இருந்து பிடிச்ச தண்ணிதான். மாசி பங்குனி வெயிலா இருந்தா ஜன்னலைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடியும். ஈரப்பத மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. பக்கத்தில் ஊறாத சுவர் காட்டுற எண்ணுக்கு இறங்கிற வரைக்கும் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே.

மீட்டர் வாங்க முடியாத ரூம்வாசிகளுக்கு ஒரு ஏழைப் பரிசோதனை. ஒண்ணரை அடி சதுரத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் இறுக்கமா ஒட்டுங்க. சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலையில் பாருங்க, பதினாறு மணி நேரமாவது இருக்கணும். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி இருந்தா சுவர் இன்னும் ஈரத்தைக் கக்குது. வெளிப்பக்கம் இருந்தா ரூம் காற்றில் ஈரம். ரெண்டையும் தேதியோட போட்டோ எடுத்து வையுங்க. மார்கழியில் பெயிண்டர் ஏணியோடு வந்து நின்னா ஓனருக்கு அந்தப் போட்டோவை அனுப்புங்க. பண்டிகைக்கு வெளுப்பாத் தெரியணும்னு அவர் அடம் பிடிச்சா, சரிங்க, சுண்ணாம்பு அடிச்சுக் கொடுங்க, எமல்ஷனை சித்திரையில் பார்த்துக்கலாம்னு சொல்லுங்க. காசும் மிச்சம்னு சேர்த்துச் சொல்லுங்க, அதுதான் வேலை செய்யும்.